கடல் கடந்த தப்கே ஆட்டம்

மத்தியதரைக் கடலின் கீழ்க்கரையில் லெபனான் என்னும் சிறு நாடு உளது. அதன் பரப்பு 10,452 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பில் பன்னிரண்டில் ஒரு பங்கிற்கும் சற்றுக் குறைவு. கடற்கரையை விட்டுக் கிழக்கே புறப்பட்டால், நிலம் விரைவில் மலையாக எழுகின்றது. மாரிக்காலத்தில் அம்மலைகளின் முடிகளைப் பனி மூடும். மலைக்கு அப்பால் பெக்கா என்னும் வளமிக்க சமவெளி கிடக்கின்றது. நாட்டுக் கொடியின் நடுவே தேவதாரு மரம் ஒன்று பச்சை நிறத்தில் விளங்குகின்றது.

இந்நாட்டிற்குள் வாழ்வோரைக் காட்டிலும், இந்நாட்டினின்று புறப்பட்டுப் பிற நாடுகளில் வாழ்வோரும் அவர்தம் வழித்தோன்றல்களுமே மிகுதி என்பர். சென்றவர்கள் தம்முடன் உணவு முறையைக் கொண்டு சென்றனர். வழிபாட்டைக் கொண்டு சென்றனர். அவற்றோடு தப்கே என்னும் ஆட்டத்தையும் கொண்டு சென்றனர். அதனை அயல்நாடுகளில் பிள்ளைகளுக்கும் பெரியோர்க்கும் அவர்கள் எவ்வாறு கற்பித்து வருகின்றனர் என்பதை, ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நம் சங்கத்துக் குடும்பங்கள் அறிந்துகொள்ளுதல் நன்று. நாம் அந்நாட்டை நேரிற் கண்டதில்லை. நூல்களைப் படித்தும், ஆட்டக் காட்சிகளைத் திரையில் பலகாற் பார்த்தும் அறிந்தவற்றையே இங்கு எழுதுகின்றோம்.

கூரையும் ஆட்டமும்

தப்கே என்பது அரபுச் சொல். காலால் ஓங்கி மிதித்தல் என்னும் பொருளில் அது வழங்குகின்றது. அவ்வாட்டம் தோன்றிய வகையைப் பற்றி மலைநாட்டார் ஒரு செய்தி கூறுவர்.

முற்காலத்து மலையூர்களில் வீட்டுச் சுவர் கல்லால் ஆயது, கூரை தட்டையானது. மர உத்திரங்களைக் குறுக்கே பரப்பி, அவற்றின்மேல் நாணலையும் சுள்ளியையும் அடுக்கி, வைக்கோல் கலந்த மண்ணை மேலே இட்டு இறுக்குவர். கோடை வெயிலில் அம்மண் வெடிக்கும். மழைக்காலம் வருமுன் அதனை மீண்டும் இறுக்காவிடில் வீடு முழுதும் ஒழுகும். கல்லுருளையை உருட்டி இறுக்குவதுண்டு. கால்களால் மிதித்து இறுக்குவதும் உண்டு. ஒரு குடும்பத்தின் கால்கள் அதற்குப் போதா. ஆதலால் அண்டை வீட்டாரை அழைப்பர். அவர்கள் கூரைமேல் ஏறி, கைகோத்து வரிசையாக நின்று, எல்லோரும் ஒரே நேரத்தில் மிதிப்பர். கால்கள் ஒன்றுபடுதற்குப் பாட்டு வேண்டும். நாளடைவில் மிதியும் பாட்டும் சேர்ந்து ஆட்டமாயின.

கூலி வாங்காமல் ஒருவர்க்கொருவர் செய்துகொள்ளும் இவ்வுதவிக்கு 'ஔனே' என்று பெயர். தப்கேயுடன் பாடும் பாட்டு வகைகளுள் புகழ்மிக்கது 'தல்ஓனா'. அப்பெயரும் 'ஔனே' என்னும் சொல்லிலிருந்தே பிறந்தது என்பர். இது வாய்மொழியாக வழங்கிவரும் செய்தி. நடவுப் பாட்டையும் ஏற்றப் பாட்டையும் அறிந்த நமக்கு, வேலையும் பாட்டும் சேர்ந்து பிறந்தன என்பது வியப்பாகத் தோன்றாது.

தப்கே லெபனானுக்கு மட்டும் உரியதன்று. சிரியா, பாலஸ்தீனம், ஜோர்டான் ஆகிய நாடுகளிலும் அஃது ஆடப்பெறுகின்றது. பாலஸ்தீனத்துத் தப்கேயை 2023ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் மனித குலத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாகப் பட்டியலிற் சேர்த்தது. ஊருக்கு ஊர் அடி வேறு, நடை வேறு. நாம் இங்குக் கூறுவது லெபனானியர் ஆடும் வகையையே.

கப்பலேறியவர்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலைநாட்டு மக்களுட் பலர் பட்டுப்பூச்சி வளர்த்துப் பிழைத்தனர். அவர்கள் நூற்ற பட்டு, பிரான்சு நாட்டின் லியோன் நகரத்து ஆலைகளுக்குச் சென்றது. கீழ்நாட்டுப் பட்டு மலிவாக வரத் தொடங்கியதும் அவர்தம் பட்டின் விலை வீழ்ந்தது. மலைச்சரிவில் இருந்த சிறு நிலம் பெருகிவரும் குடும்பங்களுக்குப் போதவில்லை. இளைஞர்கள் கப்பலேறினர். முதல் உலகப்போர் மூண்ட 1914ஆம் ஆண்டிற்குள் மலைநாட்டு மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் வெளியேறினர் என்பது வரலாற்றாசிரியர்களின் மதிப்பு.

1895ஆம் ஆண்டில் பெய்ரூட் துறைமுகத்திற்கும் டமாஸ்கஸ் நகரத்திற்கும் இடையே இருப்புப்பாதை திறக்கப்பட்டது. அதன் அகலம் 1,050 மில்லிமீட்டர். மலை ஏற்றம் மிகுந்த இடங்களில் தண்டவாளங்களின் நடுவே பற்சட்டம் பதித்து, எஞ்சினின் பற்சக்கரம் அதனைப் பற்றி ஏறுமாறு அமைத்திருந்தனர். பெக்கா சமவெளியின் மக்கள் மலையைக் கடந்து துறைமுகம் சேர அப்பாதை உதவியது. உள்நாட்டுப் போரில் அஃது அழிந்தது. இன்று லெபனானில் ரயில் வண்டியே ஓடுவதில்லை.

அமெரிக்கக் கண்டத்தில் இறங்கியவர்கள் முதலில் சுமை வியாபாரிகளாயினர். ஊசி, நூல், பொத்தான், துணி முதலியவற்றைப் பெட்டியில் அடைத்து முதுகிற் சுமந்து, வீடுவீடாகச் சென்று விற்றனர். பின்னர்க் கடை வைத்தனர். மிஞ்சிய பணத்தை ஊருக்கு அனுப்பினர். அப்பணத்தால் மலையூர்களில் புதிய வீடுகள் எழுந்தன. பிரான்சின் மார்செய் துறைமுகத்திலிருந்து வந்த சிவப்பு ஓடுகள் அவற்றின்மேல் ஏறின. ஓட்டுக் கூரையை யாரும் மிதிக்க வேண்டியதில்லை. அதன்பின் சிமெண்டுக் கூரை வந்தது. ஊரை விட்டுச் சென்றவர்கள் அனுப்பிய பணமே, ஊரில் கூரை மிதிக்கும் வேலையை ஒழித்தது என்று கூறலாம். ஆட்டம் மட்டும் ஒழியவில்லை. திருமண வீட்டு முற்றத்திலும், திருவிழாத் திடலிலும், கப்பலேறியவர்களின் கால்களிலும் அது வாழ்ந்தது.

ஆறு அடியும் நான்கு தாளமும்

தப்கே ஆடுவோர் ஒருவர் பக்கத்தில் ஒருவராக நெருங்கி நின்று கைகோத்துக்கொள்வர். அல்லது அடுத்தவர் தோள்மேல் கை வைத்துக்கொள்வர். வரிசை வலப்பக்கமாக நகரும். வலக்கோடியில் நிற்பவன் தலைவன். அவன் கையில் மணிமாலையையோ கைக்குட்டையையோ சுழற்றுவான். வரிசையினின்று பிரிந்து துள்ளவும், குந்தி எழவும் அவனுக்கு உரிமையுண்டு. ஏனையோர் அடி பிசகாமல் வரிசையைக் காத்தல் வேண்டும். 'மிஜ்விஸ்' என்னும் இரட்டைக் குழலும், 'தர்பக்கே' என்னும் ஒருமுகப் பறையும் இசைக்கப்பெறும்.

தொடக்கத்தில் கற்பிக்கும் அடிகள் ஆறு. இடக்காலை வலக்காலுக்கு முன்னே குறுக்காக வைத்தல் ஒன்று. வலக்காலைப் பக்கத்தில் எடுத்து வைத்தல் இரண்டு. அவ்விரண்டையும் மீண்டும் செய்தல் மூன்றும் நான்கும். இடக்காலை முன்னே உதைத்துத் தூக்குதல் ஐந்து. அதனைத் தரையில் ஓங்கி மிதித்தல் ஆறு. இவ்வளவே. ஆறு வயதுப் பிள்ளையும் கால்மணி நேரத்தில் இதனைச் செய்துவிடும்.

இசை தொடங்கியதும் இடர் தொடங்கும். பறை நான்கு நான்காகச் செல்லும். கால்கள் ஆறு ஆறாகச் செல்லும். பன்னிரண்டாம் எண்ணில்தான் இரண்டும் ஒன்றுகூடும். ஆதலால் ஒவ்வொரு சுற்றிலும் அந்த ஓங்கிய மிதி தாளத்தின் வேறொரு இடத்தில் விழுகின்றது. பாட்டின் எடுப்போடு தன் காலை எடுக்க முயல்பவர் தடுமாறுவர். தாள நுட்பம் தெரிந்த நம் இசைவாணர்களுக்கு இக்கணக்கு எளிது. முதன்முறையாக வரிசையில் நிற்கும் பிள்ளைக்கு அஃது எளிதன்று.

அதற்கு அவர்கள் கையாளும் வழி நம் கருத்தைக் கவர்ந்தது. முதலில் இசையின்றி எண்ணிக்கொண்டு பழக்குவர். அடுத்துப் பறை மட்டும் மெல்ல ஒலிக்கும். அதன்பின் கற்பவரை, நன்கு ஆடத் தெரிந்த இருவருக்கு இடையே நிறுத்திவிடுவர். இருபுறத்துக் கைகளும் அவரை இழுத்துச் செல்லும். எப்பொழுது நகர்வது, எப்பொழுது நிற்பது என்பதை அக்கைகளே உணர்த்தும். தன் காலையே குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும் பெரியவரும், நிமிர்ந்து நின்று இக்கைகளை நம்பத் தொடங்கியதும் தேறிவிடுகின்றார். எதிரே நின்று காட்டும் ஆசிரியரைக் காட்டிலும், பக்கத்தில் நிற்பவரே இவ்வாட்டத்தில் மிகுதியாகக் கற்பிக்கின்றார்.

மேடையேறிய ஆட்டம்

பெக்கா சமவெளியில் பால்பெக் என்னும் பழைய ஊர் உளது. உரோமானியர் எழுப்பிய பெருங்கோயில்களின் தூண்கள் இன்றும் அங்கு நிற்கின்றன. அவ்விடிபாடுகளின் நடுவே 1956ஆம் ஆண்டில் ஒரு கலைவிழா தொடங்கியது. அக்காலத்தில் சோவியத் நாட்டின் புகழ்பெற்ற நாட்டுப்புற நடன ஆசிரியர் இகோர் மொய்சேயெவ் லெபனானுக்கு வந்தார். அதன் பயனாக, மர்வான் ஜர்ரார், வதியா ஜர்ரார் ஆகிய லெபனானியர் இருவர் சோவியத் நாட்டிற்குச் சென்று மேடைக்கேற்ப ஆட்டத்தை அமைக்கும் முறையைப் பயின்று திரும்பினர். 1957ஆம் ஆண்டு விழாவில் ரஹ்பானி சகோதரர்களின் இசையும், பைரூஸ் அம்மையாரின் பாடலும், மேடைத் தப்கேயும் இடம்பெற்றன. பின்னர் அப்துல் ஹலீம் கரகல்லா அமைத்த நடனக் குழு, இம்மரபைப் பல நாட்டு மேடைகளுக்கும் எடுத்துச் சென்றது.

இதன்பின் தப்கே இரண்டு வகையாயிற்று. ஒன்று, முற்றத்தில் யாவரும் சேர்ந்து ஆடுவது. மற்றொன்று, தேர்ந்த சிலர் தொளதொளத்த ஷர்வால் கால்சட்டையும் அரைக்கச்சையும் அணிந்து, காண்போரை நோக்கி ஆடுவது. 1975ஆம் ஆண்டில் உள்நாட்டுப் போர் மூண்டது; 1990ஆம் ஆண்டு வரை நீடித்தது. பால்பெக் விழா நின்றுபோய், 1997ஆம் ஆண்டிலேதான் மீண்டும் நடந்தது. போர்க்காலத்தில் நாட்டை விட்டுச் சென்றவர் பல்லாயிரவர். முன்னே சென்றவர்கள் முற்றத்துத் தப்கேயைக் கொண்டு சென்றனர். பின்னே சென்றவர்கள் மேடைத் தப்கேயையும் உடன் கொண்டு சென்றனர். இன்று வெளிநாட்டு வகுப்புகளில் இவ்விரண்டும் கலந்தே காணப்படுகின்றன.

மூன்று ஊர்கள்

பிரேசில் நாட்டின் சாவோ பாவுலோ நகரில் 'மார்ச்சு 25' என்னும் பெயருடைய தெரு ஒன்று உளது. சுமை வியாபாரிகளாக வந்த சிரியரும் லெபனானியரும் அங்கே கடைகள் திறந்து அதனைப் பெருவணிகத் தெருவாக்கினர். 2016 முதல் 2018 வரை பிரேசிலின் குடியரசுத் தலைவராக இருந்த மிஷெல் தெமர், லெபனானிலிருந்து வந்த பெற்றோருக்குப் பிறந்தவர். பெக்கா சமவெளியின் ஸஹ்லே நகரத்துப் பெருந்தெரு ஒன்றுக்குப் பிரேசில் என்றே பெயர். அவ்வூரார் பலர் அந்நாட்டிற்குச் சென்றதன் அடையாளம் அது. சாவோ பாவுலோவில் மூன்றாம் தலைமுறையினரும் நான்காம் தலைமுறையினரும் போர்த்துக்கீசிய மொழியே பேசுகின்றனர். அவர்களுட் பலருக்கு அரபு மொழி தெரியாது. ஆயினும் சங்க மண்டபத்தில் பறை ஒலித்தால் வரிசையில் சேர்ந்துகொள்கின்றனர்.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் டெட்ராய்ட் நகரை ஒட்டி டியர்பார்ன் என்னும் ஊர் உளது. போர்டு மோட்டார்த் தொழிற்சாலையில் வேலை தேடி லெபனானியர் அங்குக் குடியேறினர். போர்க்காலத்தில் தென் லெபனானின் ஊர்களிலிருந்து மேலும் பலர் வந்தனர். அரபு அமெரிக்கரின் வரலாற்றைக் காட்டும் தேசிய அருங்காட்சியகம் 2005ஆம் ஆண்டில் அவ்வூரில் திறக்கப்பட்டது. அங்குத் திருமணங்களில் மணமக்களைப் பறையுடனும் தப்கேயுடனும் அழைத்துவரும் 'ஸபே' என்னும் வழக்கம் சிறப்பாக நடைபெறுகின்றது. அதற்கென இளைஞர் குழுக்கள் உள்ளன. ஆட்டம் ஓரளவு வருவாயும் தருவதால் பையன்கள் விரும்பிக் கற்கின்றனர்.

ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் முதலில் ரெட்பெர்ன் பகுதியில் லெபனானியரின் மொத்தக் கடைகள் இருந்தன. அங்கிருந்து சரக்கெடுத்துச் சிறு வியாபாரிகள் உள்நாட்டு ஊர்களுக்குச் சென்றனர். 1975க்குப் பின் வந்தவர்கள் லக்கெம்பா, பாங்க்ஸ்டவுன், பரமட்டா முதலிய புறநகர்களில் குடியேறினர். ஹாரிஸ் பார்க் என்னும் பகுதியில் அவர்களுடைய லெபனான் அன்னை தேவாலயம் உளது. அதே பகுதியில் இன்று இந்தியர் மிகுதியாக வாழ்வதால், அதனைச் 'சிறு இந்தியா' என்றும் வழங்குகின்றனர். அந்நகரத்துப் புலம்பெயர்ந்தோர் பலரும் சனிக்கிழமைகளில் தத்தம் தாய்மொழிப் பள்ளிகளை நடத்துகின்றனர். அரபு வகுப்புகளும் தமிழ் வகுப்புகளும் அவற்றுள் உண்டு.

பெரியோர்க்கான வகுப்பிற்கு வருபவர் பலதிறத்தர். சிறுவயதில் கற்காமல் விட்டவர் சிலர். லெபனானியக் குடும்பத்தில் மணம் புரிந்துகொண்ட வேற்று நாட்டவர் சிலர். நெருங்கிய உறவினர் திருமணத்தில் ஓரமாக நிற்க விரும்பாதவர் சிலர். ஆட்டம் தெரியாமல் சுவரோரம் நிற்பதே அவர்களுக்குப் பெருங்குறை. அந்தக் குறையே வகுப்புக் கட்டணத்தைச் செலுத்த வைக்கின்றது.

இழந்தனவும் நின்றனவும்

வெளிநாட்டுத் தப்கேயில் இழப்புகளும் இருக்கின்றன. ஊருக்கு ஊர் வேறுபட்டிருந்த அடிகள், வகுப்பிற் கற்பித்தற்கு எளிதாக ஒரே வகையாகச் சுருங்குகின்றன. இரட்டைக் குழலின் இடத்தை மின்விசைக் கருவி பிடித்துக்கொள்கின்றது. பாட்டின் பொருள் தெரியாத பிள்ளைக்குத் 'தல்ஓனா' வெறும் ஓசையாக நிற்கின்றது. அண்டை வீட்டுக்காரனின் கூரை அதில் இருப்பதை அப்பிள்ளை அறியாது. தாய்நாட்டில் மக்களைப் பிரித்த சமய வேற்றுமை கப்பலேறியும் வந்துள்ளது. தேவாலய மண்டபத்து வரிசை வேறாகவும், பள்ளிவாசலைச் சார்ந்த மண்டபத்து வரிசை வேறாகவும் இருக்கும் ஊர்கள் உண்டு. ஆட்டம் எல்லாப் பகையையும் தீர்த்துவிட்டது என்று நாம் எழுதினால் அது பொய்யாகும்.

நின்றுள்ளது ஒன்று. பாட்டனும் பேத்தியும் ஒரே வரிசையில் நிற்கின்றனர். பாட்டன் அரபு பேசுவார்; பேத்தி போர்த்துக்கீசியமோ ஆங்கிலமோ பேசுவாள். இருவருக்கும் இடையே பேச்சு நீளாது. வரிசையில் கைகோத்து நிற்கும் அரைமணி நேரம் இருவரும் ஒரே செயலைச் செய்கின்றனர். பாட்டன் சற்று மெதுவாக மிதித்தால் பேத்தி காத்திருக்கின்றாள். பேத்தி தவறினால் பாட்டனின் கை இழுக்கின்றது.

நம் சங்கங்களின் நிலை

இவ்வளவையும் நாம் எழுதியதற்குக் காரணம் உண்டு. வடநாட்டு நகரங்களில் உள்ள நம் தமிழ்ச் சங்கங்கள் பலவும் பொங்கல் விழாவையும் ஆண்டு விழாவையும் குறைவின்றி நடத்துகின்றன. பிள்ளைகள் பரதம் ஆடுகின்றனர். கரகமும் கோலாட்டமும் ஆடுகின்றனர். பெற்றோர் நாற்காலிகளில் அமர்ந்து, கைப்பேசியில் படம் எடுத்து, கைதட்டுகின்றனர். ஆட்டம் முடிந்ததும் பிள்ளை ஒப்பனையைக் கலைத்துவிட்டு, தன் தோழரோடு இந்தியிலோ மராத்தியிலோ வங்காளத்திலோ பேசத் தொடங்குகின்றது. அம்மாவும் அத்தையும் ஆடிக் காணாத ஒன்றை, மேடைக்காக மட்டும் அப்பிள்ளை கற்றிருக்கின்றது. தமிழ் என்பது தன்னைப் போன்ற சிறுவர்கள் ஆண்டுக்கு இருமுறை பெரியவர்களுக்குச் செய்துகாட்டும் நிகழ்ச்சி என்று அது எண்ணினால், அப்பிள்ளையை நொந்து பயனில்லை.

கும்மி மேடைக்கென்று பிறந்ததன்று. வட்டமாக நின்று கைகொட்டி, குனிந்து நிமிர்ந்து, வீட்டுப் பெண்கள் யாவரும் சேர்ந்து ஆடியது. ஊரிலிருந்து பேரப்பிள்ளைகளைக் காண வந்து நம் குடியிருப்புகளில் சில திங்கள் தங்கிச் செல்லும் பாட்டிமார்களுள் கும்மி தெரிந்தவர் இன்னும் பலர் உளர். விழா நாளில் அவர்களை முன்வரிசையில் மரியாதையாக அமர்த்துகின்றோம். அவர்களை எழுந்து ஆடச் சொல்வாரில்லை.

ஆதலால் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரும் பொங்கல் விழாவில் மேடை நிகழ்ச்சி முடிந்ததும், உணவுக்கு முன் அரைமணி நேரம் நாற்காலிகளை எடுத்துவிடுதல் வேண்டும். கும்மி தெரிந்த முதியோர் இருவரை முதலில் நிறுத்துவோம். தெரியாதவர்கள், அவர் பிள்ளைகளாயினும் பெற்றோராயினும், தெரிந்தவர்களுக்கு நடுவில் நிற்கட்டும். ஆடவரும் வெட்கத்தை விட்டுக் கோலாட்டக் கழிகளை எடுத்துக்கொள்ளட்டும். பாடப்போகும் பாட்டின் பொருளை ஒருவர் எழுந்து எளிய தமிழில், வேண்டுமாயின் அவ்வூர் மொழியிலும், பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லட்டும். பொருள் தெரியாத பாட்டு அடுத்த தலைமுறைக்கு வெறும் ஓசையாகிவிடும் என்பதைச் சாவோ பாவுலோவின் அனுபவம் காட்டுகின்றது.

இதற்குச் செலவு இல்லை. ஒத்திகையும் ஒப்பனையும் வேண்டா. அடி தவறினால் பக்கத்தில் நிற்பவர் திருத்துவார். செயற்குழுவினர் இதனை ஆராய்ந்து, விழா நிகழ்ச்சி நிரலில் அந்த அரைமணி நேரத்திற்கு இடம் ஒதுக்குவார்களாக.